அளவுகளைப் பூட்டி வைக்காதீர்கள்: மாதிரி நீராவி எஞ்சின் செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார்களுக்கும் தம்பிகளுக்கும், லேத்தில் கைவைத்துப் பழகிவிட்ட தங்கைகளுக்கும் வணக்கம்.

வேலை முடிந்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மீந்துபோன பித்தளைத் துண்டிலும் பிரைட் பாரிலும் சின்ன நீராவி எஞ்சின் கடைந்து பார்ப்பவர்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் இருக்கிறீர்கள். பம்ப் கம்பெனியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர், அம்பத்தூரில் சொந்தமாக ஜாப் ஒர்க் எடுப்பவர், ஐ.டி.ஐ.யில் டர்னர் பாடம் நடத்துகிறவர், பாலிடெக்னிக் முடித்த கையோடு பழைய லேத் ஒன்றை வாங்கிப்போட்ட பையன் என்று பலரை எனக்குத் தெரியும். உங்கள் எஞ்சின்கள் ஓடுவதை ஃபோனில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். பார்த்தவர்கள் எல்லாரும் கடைசியில் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அண்ணா, இதோட டிராயிங் கிடைக்குங்களா?"

பெரும்பாலும் பதில் வருவதில்லை. வந்தாலும், "டிராயிங்னு தனியா இல்லைங்க, மனசுல வெச்சுச் செஞ்சது" என்றோ "பார்க்கலாம்" என்றோ முடிந்துவிடுகிறது. இந்த மடல் அந்தப் பதிலைப் பற்றியது. உங்கள் எஞ்சினின் வரைபடத்தை எல்லா அளவுகளோடும் வெளியே கொடுங்கள். யார் வேண்டுமானாலும் பார்த்துச் செய்துகொள்ளலாம் என்று அதிலேயே எழுதியும் கொடுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எஞ்சின் ஓடுவதைப் பார்த்தாலே போதும், விவரம் தெரிந்தவன் செய்துவிடுவான் என்று உங்களில் சிலர் சொல்கிறீர்கள். எல்லாவற்றிலும் எளிய எஞ்சினையே எடுத்துக்கொள்வோம். ஆடும் சிலிண்டர் எஞ்சினில் தனியாக வால்வு கிடையாது, அந்த வால்வை ஆட்டும் எக்சென்ட்ரிக் வட்டும் கிடையாது. சிலிண்டரே ஒரு பின்னைப் பிடித்துக்கொண்டு இடமும் வலமும் ஆடும். ஆடும்போது அதன் முகத்திலுள்ள துளை, ஸ்டாண்டிலுள்ள இரண்டு துளைகளில் ஒன்றிலிருந்து ஆவியை வாங்கி, மறு வீச்சில் மற்றொன்றின் வழியாக வெளியே விடும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட ஐந்து நிமிடத்தில் புரியவைத்துவிடலாம். ஆனால் அதை ஒழுங்காக ஓடவைப்பது சில அளவுகளுக்குள் இருக்கும் உறவு.

கிராங்க் பின் ஷாஃப்ட் மையத்திலிருந்து 10 மி.மீ. தள்ளி இருக்கிறது, அதாவது பிஸ்டன் ஓடும் தூரமான ஸ்ட்ரோக் 20 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டர் ஆடும் பின்னுக்கும் கிராங்க் ஷாஃப்ட் மையத்துக்கும் இடையே 50 மி.மீ. பத்தை ஐம்பதால் வகுத்தால் 0.2. சிலிண்டர் சாயும் அதிகபட்சக் கோணத்தின் சைன் மதிப்பு அதுதான். கோணம் சுமார் 11.5 டிகிரி. சிலிண்டர் முகத்தின் துளை ஆடும் பின்னிலிருந்து 16 மி.மீ. தூரத்தில் இருந்தால், அது மையக்கோட்டிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 3.2 மி.மீ. நகரும். ஆக, ஸ்டாண்டில் போடும் இரண்டு துளைகளும் மையக்கோட்டுக்கு இருபுறமும் 3.2 மி.மீ. தள்ளி வர வேண்டும். துளைகளின் விட்டமும் 3.2ஐத் தாண்டக் கூடாது. 3 மி.மீ. டிரில் போட்டால் டெட் சென்டரில், அதாவது பிஸ்டன் ஒரு கோடிக்குப் போய்த் திரும்பும் இடத்தில், துளைக்கும் துளைக்கும் நடுவே 0.2 மி.மீ. மறைப்பு கிடைக்கிறது. பெட்டியில் கைக்கு அகப்பட்டது என்று 3.5 டிரில்லைப் போட்டால், டெட் சென்டரில் சிலிண்டரின் துளை இரண்டு பக்கத் துளைகளையும் ஒரே நேரத்தில் தொடும். உள்ளே வந்த ஆவி பிஸ்டனைத் தள்ளாமலேயே எக்ஸாஸ்ட் வழியாகப் போய்விடும்.

அப்போதும் எஞ்சின் ஒரேயடியாக நின்றுவிடாது. வேகமாக விட்டால் ஓடும், மெதுவாகச் சுற்றச் சொன்னால் நொண்டும். செய்தவன் ஸ்பிரிங்கை இறுக்கிப் பார்ப்பான், பிஸ்டனை மாற்றிப் பார்ப்பான், ஃப்ளைவீலைப் பெரிதாக்கிப் பார்ப்பான். பிறகு அலமாரியில் வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவான். அந்த 0.2 மி.மீ. எந்த வீடியோவிலும் தெரியாது. வரைபடத்தில் ஒரே வரியில் முடிந்துவிடும்.

எந்த உலோகம், எவ்வளவு இடைவெளி என்பதும் இப்படித்தான். வார்ப்பிரும்பு சிலிண்டரில் அலுமினிய பிஸ்டன் போட்டவர்கள் உண்டு. கடைவதற்குச் சுலபம், எடையும் குறைவு. 12 மி.மீ. விட்டமுள்ள அலுமினியம் 120 டிகிரி சூடு ஏறினால் சுமார் 0.033 மி.மீ. விரியும். வார்ப்பிரும்பு அதில் பாதியளவு, சுமார் 0.016 மி.மீ. விரியும். குளிர்ந்த நிலையில் 0.02 மி.மீ. இடைவெளி விட்டுப் பொருத்தமாகக் கடைந்தவருக்குச் சூட்டில் மிஞ்சுவது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. பங்ச்சர் கடை கம்ப்ரசர் காற்றில் அருமையாக ஓடிய எஞ்சின், ஆவி கொடுத்த கொஞ்ச நேரத்தில் பிடித்துக்கொள்ளும். "பிஸ்டன் பித்தளை, சிலிண்டர் கன்மெட்டல் (வெண்கல வகை), இடைவெளி இவ்வளவு" என்று நீங்கள் ஒரு மூலையில் எழுதிவிட்டால், அடுத்தவனுக்கு அந்த வேதனை கிடையாது.

எங்கள் பகுதியில் ஒரு பெரியவர் இருந்தார். வாழ்நாளெல்லாம் ஃபிட்டர் வேலை. அவர் காலமான பிறகு அவருடைய பேரன் ஒரு எஞ்சினைத் துணியில் சுற்றி எடுத்துவந்தான். இரட்டைச் சிலிண்டர், நகர்ந்து நகர்ந்து ஆவிவழியைத் திறந்து மூடும் ஸ்லைடு வால்வு, கையால் அரம் போட்டு ராவிய கனெக்டிங் ராடு. பார்த்தாலே கும்பிடத் தோன்றும் வேலை. "தாத்தா மாதிரியே இன்னொண்ணு செய்யணுங்கண்ணா, அளந்து குடுங்க" என்றான். நண்பர்கள் சேர்ந்து பிரித்து அளந்தோம். வெளி அளவுகள் எல்லாம் வந்துவிட்டன. உள்ளே ஆவி போகும் வழி வரவில்லை. டிரில் போட்டு, வெளிவாயைப் பிளக் அடித்து, அதன் மேல் அரம் போட்டு அடையாளமே தெரியாமல் செய்திருந்தார். எக்சென்ட்ரிக்கை ஷாஃப்டோடு பற்றவைத்திருந்தார். கிராங்குக்கு எவ்வளவு கோணம் முன்னால் வைத்தார் என்பதைத் தோராயமாகத்தான் சொல்ல முடிந்தது. 6 மி.மீ. ஷாஃப்ட் சுழலும் உறையான புஷ்ஷின் உள்விட்டம் 6.2 காட்டியது. அது அவர் விட்ட இடைவெளியா, பல வருட ஓட்டத்தில் தேய்ந்ததா? அளந்தால் கிடைப்பது தேய்ந்த எஞ்சினின் அளவு, அவர் மனதில் இருந்த அளவு அல்ல. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தாத்தா என்னவோ எழுதி வைத்திருந்தார், வீட்டைச் சுத்தம் செய்தபோது பழைய பேப்பரோடு போய்விட்டது என்று பேரன் சொன்னான்.

அந்தக் காலண்டர் தாளைத்தான் உங்களிடம் கேட்கிறேன், நீங்கள் இருக்கும்போதே.

காகிதம் பிழைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு பெரிய சான்று இருக்கிறது. ஆர்தர் பெப்பர்கார்ன் வடிவமைத்த ஏ1 வகை ரயில் எஞ்சின்கள் 1948, 1949 ஆண்டுகளில் 49 கட்டப்பட்டன. டீசல் வந்ததும் எல்லாம் ஓரங்கட்டப்பட்டு, 1966க்குள் கடைசி எஞ்சினும் ஓட்டத்தை நிறுத்தியது. அருங்காட்சியகத்துக்கென்று ஒன்றுகூட மிஞ்சவில்லை, அத்தனையும் பழைய இரும்பாக உடைக்கப்பட்டன. ஆனால் யார்க் நகர ரயில் அருங்காட்சியகத்தில் வரைபடங்கள் இருந்தன. 1990இல் ஒரு அறக்கட்டளை தொடங்கி, மக்களிடம் மாதச் சந்தா வாங்கி, டார்லிங்டனில் ஒவ்வொரு பாகமாகச் செய்து சேர்த்து, 2008இல் 50ஆவது எஞ்சினை ஆவியில் ஓட்டினார்கள். பெயர் டொர்னேடோ. 49 எஞ்சின்கள் போன பிறகும் தாள்களிலிருந்து ஒன்று எழுந்து நின்றது. நம் மேசை எஞ்சினுக்கு நாலைந்து தாள் போதும்.

"நான் தூக்கம் கெட்டுக் கண்டுபிடித்ததை எதற்குச் சும்மா கொடுக்க வேண்டும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நீராவி எஞ்சினின் வரலாறே இந்தக் கேள்விக்கு இரண்டு விதமாகவும் பதில் சொல்லியிருக்கிறது. ஜேம்ஸ் வாட் 1769இல் வாங்கிய காப்புரிமையை நாடாளுமன்றமே 1800 வரை நீட்டித்துக் கொடுத்தது. அந்தக் காலம் முழுக்க எஞ்சின் செய்தவர்கள் ஒருவரையொருவர் மறித்துக்கொண்டே இருந்தார்கள். இன்று நாம் எஞ்சின் என்றதும் முதலில் வரைகிற கிராங்க் இருக்கிறதே, அதையே ஆவி எஞ்சினில் பயன்படுத்தும் உரிமையை 1780இல் ஜேம்ஸ் பிக்கார்ட் காப்புரிமையாக வாங்கிவிட்டார். வாட் அதைச் சுற்றிப்போக, ஒரு பற்சக்கரத்தை இன்னொரு பற்சக்கரம் வலம்வரும் ஏற்பாட்டைச் செய்ய வேண்டியிருந்தது. அவ்வளவு பெரிய மூளை, ஒரு கிராங்கைப் போட முடியாமல்!

வாட்டின் காப்புரிமை முடிந்த பிறகு இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கப் பகுதியில் நடந்ததைப் பாருங்கள். 1811இல் ஜோயல் லீன் என்ற சுரங்க மேலாளர் மாதாமாதம் ஒரு அறிக்கை வெளியிடத் தொடங்கினார். எந்தச் சுரங்கம், அங்கே எந்த எஞ்சின், ஒரு புஷல் (அவர்கள் ஊர் முகத்தல் அளவு) நிலக்கரிக்கு எவ்வளவு தண்ணீரை எவ்வளவு உயரம் இறைத்தது என்பதெல்லாம் அச்சில் வந்தது. எஞ்சினியர்கள் ஒருவரோடு ஒருவர் போட்டி போடுகிறவர்கள்தான். ஆனாலும் யார் என்ன மாற்றம் செய்தார்கள், அதனால் என்ன கிடைத்தது என்பது எல்லாருக்கும் தெரிந்தது. ரிச்சர்ட் ட்ரெவிதிக் 1812இல் வீல் ப்ராஸ்பர் சுரங்கத்தில் நிறுத்திய உயர் அழுத்த எஞ்சினுக்குக் காப்புரிமையே எடுக்கவில்லை. 1830களின் நடுவில் அந்தப் பகுதி எஞ்சின்கள் ஒரே அளவு கரிக்குச் செய்த வேலை, சராசரியாகப் பார்த்தாலே இரண்டு மடங்குக்கு மேல் கூடியிருந்தது. ஒரு தனி மேதை செய்தது அல்ல அது. அடுத்தவன் விட்ட இடத்திலிருந்து இவன் தொடங்கியதால் வந்தது.

நம்முடைய பொழுதுபோக்கும் அந்த வழியில் வந்ததுதான். 1898இல் பெர்சிவல் மார்ஷல் லண்டனில் மாதிரி எஞ்சின் செய்பவர்களுக்கென்றே ஒரு இதழ் தொடங்கினார். அதில் எல்.பி.எஸ்.சி. என்ற பெயரில் எழுதிய கர்லி லாரன்ஸ், நிலக்கரி போட்டு ஆளை இழுக்கக்கூடிய சின்ன ரயில் எஞ்சின்களை வாரா வாரம் படத்தோடும் விளக்கத்தோடும் கொடுத்தார். படித்தவர்கள் இன்ஜினியர்கள் அல்ல, சாதாரண வேலைக்காரர்கள். சமையலறை மேசையில் வைஸ் மாட்டி வேலை செய்தவர்கள். அமெரிக்காவில் எல்மர் வெர்பர்க் என்பவர் வார்ப்பே தேவைப்படாமல், கடையில் கிடைக்கும் கம்பியிலும் பட்டையிலும் செய்யக்கூடிய குட்டி எஞ்சின்களை வரைந்தார். உலகம் முழுக்க எத்தனையோ பேருடைய முதல் எஞ்சின் அவர் வரைந்ததாகத்தான் இருக்கும்.

"அப்புறம் என்ன, அதையே பார்த்துச் செய்யட்டுமே" என்றால், அங்கேதான் சிக்கல். அவை அங்குலத்தில் உள்ளவை. 25.4ஆல் பெருக்கினால் மி.மீ. வந்துவிடும், சரி. ஆனால் முக்கால் அங்குலம் 19.05 ஆகிறது. நம் கடையில் கிடைக்கும் ராடும் ரீமரும் அந்த அளவுக்குப் பொருந்தாது. பிரிட்டிஷ் படங்களில் 6 பி.ஏ. ஸ்க்ரூ என்று இருக்கும். அது 2.8 மி.மீ. விட்டம், மரையின் கோணமே வேறு. நம் ஹார்டுவேர் கடையில் எம்3 கிடைக்கும், எம்4 கிடைக்கும், அதைக் கேட்டால் விழிப்பார்கள். எம்3 போடலாம் என்றால் ஸ்க்ரூ தலை பெரிதாகிறது, ஃப்ளாஞ்சின் ஓரம் மெலிந்துபோகிறது, வால்வு இருக்கும் ஸ்டீம் செஸ்ட் பெட்டியை அகலப்படுத்த வேண்டிவருகிறது. ஒரு ஸ்க்ரூவை மாற்றினால் பாதி எஞ்சினை மறுபடி வரைய வேண்டும். இன்னொன்று, ஒரு பொருளின் பக்கத் தோற்றத்தைத் தாளில் எந்தப் பக்கம் வரைவது என்பதில் இரண்டு முறை உண்டு. அமெரிக்கப் படங்கள் தேர்டு ஆங்கிள் முறையில் இருக்கும். நம் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் பிள்ளைகள் படிப்பது ஃபர்ஸ்ட் ஆங்கிள். மூலையிலுள்ள குறியைக் கவனிக்காமல் படித்தால் இடப்பக்கம் வலப்பக்கமாகி, கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒரு சிலிண்டர் பிளாக் கடைந்து முடித்திருப்பார்கள். ஆங்கிலக் குறிப்புகள் தடுமாறவைக்கும் பையன்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கைவேலை நம்மைவிட நன்றாகவே வரும்.

நீங்கள் செய்த எஞ்சின் இங்கே கிடைக்கும் பொருளில், இங்கே கிடைக்கும் டேப்பில், இங்குள்ள லேத்தில் ஏற்கெனவே செய்து ஓட்டிப் பார்த்தது. 608 எண் பால் பேரிங்கை எங்கே நுழைத்தீர்கள், கோவை ஃபவுண்டரியில் ஃப்ளைவீல் ஊற்ற வார்ப்பு மாதிரியான பேட்டர்னுக்கு எவ்வளவு டேப்பர் (சரிவு) கொடுத்தீர்கள், பழைய பம்ப் கன்மெட்டலைச் சிலிண்டராக்கியபோது எங்கே ஊசித்துளை வந்தது என்பதெல்லாம் எந்த லண்டன் இதழிலும் கிடைக்காது. உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது.

நீலகிரி மலை ரயில் எஞ்சினை மாதிரியாகச் செய்ய ஆசைப்படுகிறவர்களை நினைக்கும்போது இது இன்னும் அழுத்தமாகத் தோன்றுகிறது. கல்லாறிலிருந்து குன்னூருக்கு 12க்கு 1 என்ற ஏற்றத்தில் பல்தண்டவாளத்தைப் பிடித்து ஏறும் எக்ஸ் வகை எஞ்சினுக்கு நாலு சிலிண்டர். இரண்டு சிலிண்டர் சாதாரணச் சக்கரங்களுக்கு, அவை விட்ட ஆவியையே மறுபடி வாங்கி வேலை செய்யும் மற்ற இரண்டும் பற்சக்கரங்களுக்கு. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் பிறந்த இந்த வகையைத் திருச்சி பொன்மலைப் பணிமனை நம் காலத்திலேயே புதிதாகக் கட்டிக் காட்டியது. இதைவிட அழகான மாதிரிக்கான பொருள் நம் மண்ணில் வேறு இல்லை. மேட்டுப்பாளையம் ஷெட்டு வெளியிலோ குன்னூர் ஸ்டேஷனிலோ நின்று வால்வை இயக்கும் அந்தக் கம்பிகளை ஒன்றொன்றாகப் படமெடுத்துக் கணக்குப் போட்டவர்கள் உங்களில் இருக்கிறார்கள். ஆளாளுக்குத் தனித்தனியாக அதே கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறோம். ஒருவர் வெளியிட்டால் அடுத்தவர் பாய்லர் கேசிங்கைப் பார்ப்பார், இன்னொருவர் பற்சக்கரத்தைப் பார்ப்பார்.

காப்பியடித்து விற்றுவிடுவார்கள் என்ற பயத்தைப் பற்றி. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி நீங்கள் வரைந்த படம் உங்கள் படைப்பு. எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை, வரைந்த நிமிடத்திலேயே உரிமை உங்களுடையது. "சொந்தத்துக்கும் பாடம் நடத்தவும் தாராளமாகச் செய்துகொள்ளலாம், விற்பதற்கு என்னிடம் கேட்கவும்" என்று ஒரு வரி எழுதிவிட்டால் உங்கள் நிலை தெளிவாகிவிடும். எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுத்துவிட்டால் எனக்கு இன்னும் சந்தோஷம், ஆனால் அது உங்கள் விருப்பம். ஒன்றுமே எழுதாமல் விடுவதுதான் மோசம். அந்த உரிமை உங்கள் ஆயுளுக்குப் பிறகும் 60 ஆண்டு ஓடும். நீங்கள் வாய் திறக்காமல் போய்விட்டால், ஆசையோடு அச்சடித்துக் கொடுக்க நினைக்கும் ஒரு வாத்தியார்கூடச் சட்டப்படி தயங்க வேண்டியிருக்கும். அதே நேர்மையை நாமும் காட்ட வேண்டும். வார்ப்பு கிட்டோடு விலைக்கு வந்த இன்னொருவருடைய படத்தை ஜெராக்ஸ் எடுத்துச் சுற்றில் விடுவதை நான் பகிர்வு என்று சொல்லவில்லை. உங்கள் கையால் வரைந்ததைக் கேட்கிறேன். சின்ன எஞ்சினில் காசு பண்ணுகிறவன் காசு பண்ணுவது கடைசலில்தான், வரைபடத்தில் அல்ல. அந்தக் கடைசல் கை உங்களிடமே இருக்கிறது.

தப்பு இருந்தால் திட்டுவார்களே என்று தயங்குகிறவர்கள் இன்னொரு பக்கம். பெரிய பெரிய கம்பெனிப் படங்களிலேயே ஓரத்தில் திருத்தக் கட்டம் இருக்கிறது, தேதி போட்டு, என்ன மாற்றினோம் என்று எழுத. அது இருப்பதற்குக் காரணமே தப்பு வரும் என்று தெரிந்ததுதான். திருத்தம் 1, திருத்தம் 2 என்று போய்க்கொண்டே இருக்கட்டும். கேட்பவனுக்கு முதலில் ஒரு தாள் கையில் வேண்டும்.

கொதிகலன் விஷயத்தில் மட்டும் நான் வேறு மாதிரி பேசுவேன். இங்கே தாராளம் வேண்டாம், கண்டிப்பு வேண்டும். 25 லிட்டருக்குக் குறைந்த கொள்ளளவுள்ள கலன்கள் பாய்லர் சட்டத்தின் வரம்புக்குள் வருவதில்லை. அதாவது நம் மேசை பாய்லரைச் சோதிக்க எந்த இன்ஸ்பெக்டரும் வரமாட்டார், வரைந்து கொடுப்பவர்தான் பொறுப்பு. ஆகவே முதலில் எஞ்சின் படத்தை மட்டும் கொடுங்கள், காற்றில் ஓட்டச் சொல்லுங்கள். ஒன்றரை, இரண்டு பார் காற்றே தாராளம்.

பாய்லர் படம் கொடுப்பதாக இருந்தால், உடல் செம்பு, இணைப்பு வெள்ளி பிரேசிங் என்று எழுதாமல் கொடுக்காதீர்கள். சாதாரண ஈயப் பற்று 183 டிகிரியில் உருகிவிடும். 3 பார் அழுத்தத்தில் ஆவியே சுமார் 144 டிகிரி. தண்ணீர் இருக்கும்வரை தாங்குவது போலிருக்கும். தண்ணீர் மட்டம் இறங்கி, சுடர் வெறும் தகட்டைத் தொட்டால் அடுத்த நிமிடத்துக்கு உத்தரவாதமில்லை. சேஃப்டி வால்வு, பிரஷர் கேஜ், தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடி மூன்றும் படத்திலேயே இருக்க வேண்டும். வேலை அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கில், குளிர்ந்த தண்ணீரால் சோதிக்க வேண்டும் என்பதும் அதே தாளில் எழுதியிருக்க வேண்டும். தண்ணீரால் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. தண்ணீர் அமுங்காது, அதனால் விரிசல் இருந்தால் சொட்டு வடிவதோடு போய்விடும். காற்றால் சோதித்தால் வெடித்துச் சிதறும்.

குக்கரை பாய்லராக்கும் பழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெயிட் உட்காரும் குழாயில் ரப்பர் டியூபை மாட்டி எஞ்சினுக்கு இழுக்கிறார்கள். எஞ்சின் பாதியில் நின்றால், ஆவி வெளியே போக இருந்த ஒரே சாதாரண வழி அடைபட்டுவிடுகிறது. மிஞ்சுவது அந்தச் சேஃப்டி பிளக் ஒன்றுதான். பையன்கள் இதைப் பார்த்து வீட்டில் செய்கிறார்கள். ஒழுங்கான வரைபடம் கிடைக்காத இடத்தை இந்த மாதிரி வேலைதான் நிரப்புகிறது. படத்தைக் கொடுப்பதற்கு இதுவும் எனக்கு ஒரு காரணம், என்னைக் கேட்டால் முதல் காரணமே இதுதான்.

வரைவதற்கு கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. ஏ4 தாளில் பென்சிலும் ஸ்கேலும் போதும். இலவச மென்பொருள் ஃப்ரீகேட் இருக்கிறது, தெரிந்தவர்கள் அதில் வரையலாம். எதில் வரைந்தாலும், எல்லா அளவையும் ஒரே விளிம்பிலிருந்து கொடுங்கள். ஒரு துளையிலிருந்து அடுத்தது, அதிலிருந்து அடுத்தது என்று சங்கிலியாகக் கொடுத்தால், ஒவ்வொன்றிலும் வரும் சின்னப் பிசகு கடைசித் துளையில் கூடிவந்து நிற்கும். தாளின் அடியில் 50 மி.மீ. என்று எழுதி ஒரு கோடு போட்டுவிடுங்கள். ஜெராக்ஸில் படம் சுருங்கியிருந்தால் ஸ்கேலை வைத்ததும் தெரிந்துவிடும். ஃபர்ஸ்ட் ஆங்கிளா தேர்டு ஆங்கிளா என்ற குறியைப் போடுங்கள். பிறகு, உங்கள் கைக்கு மட்டும் தெரிந்ததைத் தமிழிலேயே ஓரத்தில் எழுதுங்கள்: "இந்தத் துளையைச் சிலிண்டரை ஸ்டாண்டில் மாட்டிய பிறகே போடவும்", "இந்த முகத்தைக் கடைசியில் கண்ணாடி மேல் எமரி வைத்துத் தேய்க்கவும்", "ஃபோர் ஜா சக்கில் ஒரே பிடியில் போரும் முகமும் முடிக்கவும்". அளவுகளைவிட இந்த வரிகள்தான் சில சமயம் எஞ்சினை ஓடவைக்கும்.

என் பக்கத்திலிருந்து, 12 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 20 மி.மீ. ஸ்ட்ரோக் ஆடும் சிலிண்டர் எஞ்சினின் தாள்களை இந்த மடலோடு சேர்த்து வெளியிடுகிறேன். மேலே சொன்ன 50, 16, 3.2 எல்லாம் அதில் உள்ள அளவுகள்தான். செய்யலாம், மாற்றலாம், அச்சடிக்கலாம், வகுப்பில் கொடுக்கலாம், விற்கவும் விற்கலாம். செய்து பார்த்தவர்கள் எங்கே இடித்தது என்று சிவப்புப் பேனாவில் குறித்துத் திருப்பி அனுப்புங்கள், திருத்தத்தில் உங்கள் பெயரையும் சேர்க்கிறேன்.

அடுத்து நமக்கு உடனே வேண்டியது, இருபுறமும் ஆவி தள்ளும் ஒற்றைச் சிலிண்டர் ஸ்லைடு வால்வு எஞ்சின் ஒன்று. 16 மி.மீ. போருக்குள், எம்3, எம்4 ஸ்க்ரூவிலேயே முடிகிற மாதிரி. ஐ.டி.ஐ.யில் இருக்கும் வாத்தியார்களே, டர்னர் பிள்ளைகள் சேர்ந்து செய்யும் புராஜெக்டாக அது சரியாக இருக்கும். கடைசல், டிரில், ரீமர், டேப், அரம் எல்லாம் அதிலேயே வந்துவிடும். திருச்சிப் பக்கம் ரிவர்ஸ் கியரோடு இரட்டைச் சிலிண்டர் எஞ்சினை ஓட்டிக் காட்டிய அண்ணா, உங்களுடையதை நான் தனியாகவே கேட்கிறேன். அதில் வால்வு அட்ஜஸ்ட்மென்ட் எப்படிச் செய்தீர்கள் என்று எங்களில் ஒருவருக்கும் பிடிபடவில்லை.

பென்சில் படமாக இருந்தாலும் சரி, மசி படிந்த நோட்டுப் பக்கத்தை ஃபோட்டோ எடுத்து அனுப்பினாலும் சரி. சுத்தமாக மறுபடி வரைந்து கொடுக்க நானும் இன்னும் சில நண்பர்களும் இருக்கிறோம். வரைந்ததை உங்களிடம் காட்டி, நீங்கள் சரி என்று சொன்ன பிறகே வெளியே விடுவோம். மூலையில் உங்கள் பெயர், தேதி, அனுமதி வரி, இந்த மூன்றையும் மட்டும் நீங்களே உங்கள் கையால் எழுதிக் கொடுங்கள்.

அன்புடன்,
கோவையிலிருந்து, உங்களைப் போல் எஞ்சின் கடையும் ஒருவன்